வலது இறக்கையில் ஒரு மூட்டு

பிப்ரவரி 3

மச்சான்,

நலமா என்று கேட்கப் போவதில்லை. கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவீர்கள், நாலு பக்கம் ஆகும்.

என் எண்ணை உங்கள் செல்பேசியில் தடுத்து வைத்திருக்கிறீர்கள். உங்கள் தங்கையின் செல்பேசியிலிருந்து கூப்பிட்டால், என் குரல் கேட்டதும் துண்டித்துவிடுகிறீர்கள். அதனால்தான் தபால்.

விமானம் முடிந்துவிட்டது. நாம் சேர்ந்து வாங்கிய அதே கிட்தான். இரண்டு பெட்டி நிறைய வந்த மரத்துண்டுகளைக் கார் ஷெட் தரையில் பரப்பிவிட்டு, "இதுல விமானம் எங்க இருக்கு?" என்று நான் கேட்டதும், "கடைசிப் பக்கத்துல" என்று நீங்கள் சொன்னதும் ஞாபகம் இருக்கும். நீங்கள் போன பிறகு ஏழு மாதம் நான் ஒருவனாக உட்கார்ந்து முடித்தேன். நுனியிலிருந்து நுனிவரை மூன்று மீட்டர் இருபது. பெட்ரோல் இன்ஜின் முதல் இழுப்பில் பிடிக்கிறது. ரிமோட்டில் விரல் அசைந்தால் வால் அசைகிறது. மஞ்சள் உறையை இஸ்திரிப் பெட்டி வைத்து ஒட்டினேன். உங்கள் தங்கையின் இஸ்திரிப் பெட்டி பாழாகிவிட்டது. அந்த வழக்கு வீட்டில் தனியாக நடக்கிறது.

பதினைந்து கிலோவுக்கு மேற்பட்ட விமானம், நம் மாதிரி விமான மன்றத்தின் பாதுகாப்பு ஆய்வாளர் கையெழுத்து இல்லாமல் மைதானத்தில் பறக்கக் கூடாது என்பது விதி. அதை எழுதியதே நீங்கள். நம்முடையது பதினேழரை. ஆய்வாளரும் நீங்கள். மார்ச் 9 ஞாயிறு, பொதுப் பறத்தல் நாள். அன்று பறக்க வேண்டும்.

அடுத்த வருடம் பறக்கலாமே என்பீர்கள். நவம்பரிலிருந்து என் வலது கை நடுங்குகிறது. பல் பிடுங்குவதை நிறுத்திவிட்டேன். உதவி டாக்டர் பெண் பிடுங்குகிறாள், நான் பக்கத்தில் நின்று நோயாளிக்குக் கதை சொல்கிறேன். நரம்பு டாக்டர் நேராகவே சொல்லிவிட்டார்: "இந்த வருஷம் ஓடும் சார். அடுத்த வருஷத்துக்கு நான் வாக்கு குடுக்க மாட்டேன்." நடுங்கும் கட்டைவிரலை வைத்துக்கொண்டு இந்த எடையைத் தரையிறக்க முடியாது. எனக்கு இந்த ஒரு தடவைதான்.

படிவம் இணைத்திருக்கிறேன். எந்த நாளும் வாருங்கள். பேச வேண்டாம். பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுப் போங்கள். டீ கூடத் தர மாட்டேன், பயப்படாதீர்கள்.

உங்கள் மாப்பிள்ளை


பிப்ரவரி 7

மாப்பிள்ளை அவர்களுக்கு,

தங்கள் விண்ணப்பம் வந்தது. பரிசீலித்தேன். அனுமதி மறுக்கப்படுகிறது.

ஆய்வாளர் காரணம் கூறக் கடமைப்பட்டவர் அல்ல. விதி எட்டைப் பார்க்கவும். அதையும் நான்தான் எழுதினேன்.

உடல்நிலை குறித்துத் தாங்கள் எழுதியதைப் படித்தேன். அது விண்ணப்பத்தில் இடம்பெற வேண்டிய விவரம் அல்ல. எனக்கு வேலை போன மாதத்தில் என் உடல்நிலை எப்படி இருந்தது என்று யாரும் படிவத்தில் கேட்கவில்லை.

பாதுகாப்பு ஆய்வாளர்


பிப்ரவரி 11

மச்சான்,

முப்பது வருடத் தொழிலில் ஒரே ஒரு நோயாளி உங்களைப் போல வந்தார். வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தார். "எந்தப் பல்லு?" என்றேன். "டாக்டர் நீங்கதானே, கண்டுபிடிங்க" என்றார். அவருக்கு வேறு டாக்டரின் முகவரியை எழுதிக் கொடுத்தேன்.

என்ன குறை? சொல்லுங்கள், சரிசெய்கிறேன். வந்து பார்க்காமலேயே மறுத்தால் அதற்கு என்ன பெயர்? நானும் மன்றச் செயலாளரும் இரண்டு இறக்கை நுனிகளையும் பிடித்து விமானத்தை அப்படியே தரையிலிருந்து தூக்கினோம். ஒரு முனகல் கூட இல்லை. செயலாளர் கண்ணாடிக் கடைக்காரர், பாரம் தூக்கிப் பழகியவர். "கல்லு மாதிரி இருக்கு டாக்டர்" என்றார்.

இன்னொன்றும் சொல்கிறேன். கோபித்துக்கொண்டு போன அன்று வலது இறக்கையில் நீங்கள் விட்டுப்போன வேலை இருக்கிறதே, அதுதான் மொத்த விமானத்திலேயே சுத்தமான வேலை. மூட்டை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் ஆறும் அளவெடுத்த மாதிரி வரிசையாக நின்றன. மறுநாள் கழற்றினேன், மூட்டில் முடி நுழைய இடமில்லை. மேலே பலகையை ஒட்டி மூடும்போது, 'ஆள் எப்படியோ போகட்டும், கை நல்ல கை' என்று நினைத்துக்கொண்டேன். இதை உங்களிடம் சொல்லக் கூடாது என்று வைத்திருந்தேன். சொல்லிவிட்டேன்.

அன்றைக்குப் பேசியது தப்புதான். விளையாட்டாகச் சொன்னேன், வேறு மாதிரி விழுந்துவிட்டது. அதற்காக இந்த விமானத்தைத் தரையில் கட்டிப்போடுவது நியாயமா?

மாப்பிள்ளை


பிப்ரவரி 16

மாப்பிள்ளை அவர்களுக்கு,

விளையாட்டாகச் சொன்னேன் என்று எழுதியிருக்கிறீர்கள். விளையாட்டு என்ன என்பதை உங்களுக்கே ஒருமுறை எழுதிக் காட்டுகிறேன். நீங்கள் சொன்னதை நீங்கள் மறந்திருக்கலாம். மறப்பது சொன்னவருக்கு எளிது.

இருபத்தாறு வருடம் தரக்கட்டுப்பாட்டில் இருந்தேன். என் தலைக்குப் பின்னால் தொழிலாளர்கள் என்னைக் 'கேஜ்' என்று கூப்பிட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். அளவு பார்க்கும் கருவியின் பெயர் அது. அதைவிட நல்ல பெயர் எனக்கு வீட்டில் கூட யாரும் வைத்ததில்லை. நாலாயிரத்து இருநூறு பிரேக் தகடுகள் வந்தன, உள்ளே நூல் போல விரிசல். கையெழுத்துப் போடச் சொன்னார்கள். போடவில்லை. முதலில் என் மேசையைக் கிடங்குக்கு மாற்றினார்கள். பிறகு நாற்காலியை மாற்றினார்கள். பிறகு விருப்ப ஓய்வு என்று ஒரு காகிதம் கொடுத்தார்கள். என் விருப்பம் அதில் எங்கே இருந்தது என்று இன்னும் தேடுகிறேன்.

அந்த வாரம் எங்கள் இயக்குநர் உங்கள் மருத்துவமனைக்கு மூன்று முறை வந்தார், வேர் சிகிச்சைக்கு. ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரம் வாயைத் திறந்துகொண்டு உங்கள் முன்னால் படுத்திருந்தார். நீங்கள் ஒரு நிமிடம் உங்கள் வாயைத் திறந்திருக்கலாம். "அவர் என் மச்சான், பொய் சொல்ற ஆள் இல்ல" என்று ஏழு வார்த்தை. தங்கை கேட்டபோது, "தொழில்ல சொந்தத்தைக் கொண்டு வரக் கூடாது" என்றீர்களாம். நல்ல கொள்கை. இப்போது அதையே நான் கடைப்பிடிக்கிறேன்.

அதுகூடப் போகட்டும். ஜூலையில் கார் ஷெட்டில் நடந்தது. நீங்கள், நான், செயலாளர், மன்ற உறுப்பினரான நீச்சல் பயிற்சியாளர். பெட்ரோல் டேங்கைப் பொருத்தும் முறை தவறு, இதற்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். நீங்கள் திரும்பிக்கூடப் பார்க்காமல், "உங்க கையெழுத்துக்கு இப்ப என்ன மதிப்பு மச்சான்? கம்பெனியே குப்பையில போட்டுடுச்சு" என்றீர்கள். செயலாளர் சிரித்தார். பயிற்சியாளர் சிரிப்பை அடக்கத் தண்ணீர் குடித்தார், அது இன்னும் மோசம். பிறகு நீங்கள் தொடர்ந்தீர்கள்: "இவரு பந்தியில உக்காரும்போதே நாற்காலிக்கு நாலு கால் இருக்கான்னு எண்ணிட்டுத்தான் உக்காருவாரு."

எண்ணுவேன். ஒரு முறை மூன்றுதான் இருந்தது. அதைப் பற்றி யாரும் ஜோக் சொல்லவில்லை.

மதிப்பில்லாத கையெழுத்துக்கு இரண்டு கடிதம் எழுதிவிட்டீர்கள். மூன்றாவதும் எழுதுவீர்கள். எழுதுங்கள்.

இறக்கை நுனியைப் பிடித்துத் தூக்குவது சோதனை அல்ல. தரையில் அது தன் எடையை மட்டும் தாங்குகிறது. வேகமாக வளைந்து திரும்பும்போது நாலு மடங்கு தாங்க வேண்டும். வலது இறக்கையைப் பொறுத்தவரை

அடுத்த வரியை அடித்துவிட்டேன். விண்ணப்பதாரருக்கு விளக்கம் தருவது என் வேலை அல்ல.

பாதுகாப்பு ஆய்வாளர்


பிப்ரவரி 27

மச்சான்,

இது மூன்றாவது கடிதம். நீங்கள் சொன்னபடியே எழுதிவிட்டேன், சந்தோஷப்படுங்கள். ஆனால் கையெழுத்துக்காக இல்லை.

உங்கள் விதிப்புத்தகத்திலேயே விதி பத்து இருக்கிறது. ஆய்வாளருக்கும் விண்ணப்பதாரருக்கும் நெருங்கிய உறவு இருந்தால், வேறு மன்றத்தின் ஆய்வாளர் பார்க்கலாம். உறவு இருக்கிறதல்லவா நமக்கு? காகிதத்தில் இருக்கிறது. செயலாளர் பக்கத்து ஊர் மன்றத்துக்கு எழுதினார். நேற்று ஓர் ஆள் வந்தார். இளைஞர், மரியாதையானவர். இன்ஜினைப் பார்த்தார், சக்கரத்தைப் பார்த்தார், எடை போட்டார், இறக்கையை விரலால் தட்டிப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார். இருபத்தைந்து நிமிடம். டீ கொடுத்தேன்.

மார்ச் 9 காலை பத்து மணிக்குப் பறக்கிறது. போன வருடம் பொதுப் பறத்தல் நாளில் கயிற்றுக்கு அந்தப் பக்கம் முந்நூறு பேர் நின்றார்கள். இந்தத் தடவை பள்ளிக்கூடப் பிள்ளைகளையும் பேருந்தில் அழைத்து வருகிறார்கள். உங்கள் தங்கை வால்பக்கம் நின்று விமானத்தைப் பிடித்துக்கொள்வாள். நான் இன்ஜினை முடுக்கித் தலையசைத்ததும் விடுவாள். ஒரு வாரமாகப் பயிற்சி. "உங்கள விட எனக்குக் கை நடுங்கல" என்கிறாள்.

போன கடிதத்தை அவள் படித்தாள். வேர் சிகிச்சை விஷயத்தில் நீங்கள் சொன்னது சரி என்றாள். எனக்கும் தெரியும். அன்றைக்கு எனக்குத் தைரியம் இல்லை. ஆனால் அதையே கழுத்தில் மாட்டிக்கொண்டு எத்தனை வருடம் அலைவீர்கள்? வருத்தப்பட ஒன்றும் மிச்சமில்லாமல் போனால் காலையில் எழுந்து என்ன செய்வீர்கள் என்று எனக்குச் சந்தேகம்.

மைதானத்துக்கு வர வேண்டாம். வந்தால் குறை சொல்வீர்கள்.

பல் டாக்டர்


மார்ச் 2, கூரியரில்

பறக்கவிடாதீர்கள்.

வலது இறக்கையில் மூன்றாவது ரிப்புக்கும் நான்காவது ரிப்புக்கும், அதாவது குறுக்குச் சட்டங்களுக்கு, நடுவே, இறக்கையைத் தாங்கும் நீளக் கட்டை இரண்டும் சேரும் மூட்டில் பசை இல்லை.

பெட்டியின் நீளம் போதாததால் அந்தக் கட்டையை இரண்டு துண்டாக அனுப்பியிருந்தார்கள். சேர்த்து, இரண்டு பக்கமும் பிளைவுட் தகடு வைத்து ஒட்ட வேண்டும். நீங்கள் ஒரு மூட்டு என்றால் நேராகப் பசை தடவி, கிளாம்ப் போட்டு, அடுத்த வேலைக்குப் போய்விடுவீர்கள். நான் அப்படிச் செய்வதில்லை. முதலில் பசையில்லாமல் பொருத்தி, கிளாம்ப் போட்டு, பென்சிலால் கோடு இழுத்து, கழற்றி, பிறகுதான் பசை. இருபத்தாறு வருடப் பழக்கம். நீங்களே இதற்கு என்னைக் கேலி செய்திருக்கிறீர்கள்.

அன்று பசையைக் கலக்கிக் கோப்பையில் வைத்திருந்தேன். கிளாம்ப்பைக் கழற்றக் கை வைத்தபோதுதான் நீங்கள் அந்த விளையாட்டை விளையாடினீர்கள். எழுந்து வந்துவிட்டேன். மறுநாள் நீங்கள் கிளாம்ப் நிற்பதைப் பார்த்து, ஒட்டியாகிவிட்டது என்று எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். கலக்கிய பசை முழுவதும் கோப்பையில் அப்படியே கல்லாகிக் கிடந்ததை யோசிக்கவில்லை. மூட்டு நிற்பதற்குக் காரணம், இரண்டு பக்க ரிப்புகளின் வெட்டுக்குள் இறுக்கமாக உட்கார்ந்திருப்பதும், மேலே நீங்கள் ஒட்டிய பலகையும் மட்டுமே. தூக்கினால் தாங்கும். வளைந்து திரும்பினால் மடியும். விரலால் தட்டினால் தெரியாது. உங்கள் பல் கண்ணாடியை உள்ளே விட்டாலும் தெரியாது, ஏனென்றால் பொருத்தம் நன்றாக இருக்கிறது. அது என் வேலை.

எப்போது தெரியும் என்று கேட்பீர்கள். மூன்றாம் நாள். "வலது ரெக்கையை மூடிட்டாரு, அழகா இருக்கு" என்று தங்கை போனில் சொன்னாள். நான் "சரி" என்றேன். அந்தச் "சரி"யை ஏழு மாதமாக வைத்திருக்கிறேன். கேட்டு வரட்டும், அப்போது சொல்லலாம் என்று இருந்தேன். கேட்டு வந்தீர்கள். அப்போதும் சொல்லவில்லை. நான் கையெழுத்துப் போடாதவரை அது பறக்காது, பறக்காதவரை யாருக்கும் ஆபத்தில்லை என்று எனக்கு நானே ஒரு கணக்கு வைத்திருந்தேன். விதி பத்தை மறந்துவிட்டேன். நானே எழுதிய விதி.

வெட்டிப் பாருங்கள். நம்பாவிட்டாலும் வெட்டிப் பாருங்கள். என்னை மன்னிக்கச் சொல்லி இதை எழுதவில்லை. நீங்கள் சொன்னது சொன்னதுதான்.


மார்ச் 12

உங்களுக்கு,

உறையில் உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் குப்பையில் போடத்தான் எடுத்தேன். உங்கள் தங்கைதான் பிரித்தாள். படித்தாள். நேராகக் கார் ஷெட்டுக்குப் போய் விளக்கைப் போட்டாள்.

பல் துளைக்கும் கருவியால் பலகையை ஒரு ஜன்னல் அளவுக்கு வெட்டி எடுத்தேன். வெட்டும்போதே, பொய்யாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். பிளைவுட் தகட்டை இடுக்கியால் தொட்டேன். இழுக்கவில்லை, தொட்டேன். கையோடு வந்துவிட்டது. மரம் பெட்டியிலிருந்து எடுத்த மாதிரி வெள்ளையாக இருந்தது. உங்கள் பென்சில் கோடு ஒரு இழை பிசகாமல்.

"இதுவா?" என்றாள்.

"இதுதான்."

"இழுக்காமலே வருதே."

"ஆமா."

"நான் வாலைப் புடிச்சிட்டு நிப்பேன்னு அவருக்கு எழுதினீங்கள்ல?"

"எழுதினேன்."

"அதுக்கு அப்புறம்தான் இந்த லெட்டர் வந்துச்சு." அந்தத் தகட்டைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அப்ப ஊர்ல இருக்கிறவங்க தலையில விழுந்தா அண்ணனுக்குப் பரவாயில்ல. இல்லையா?"

நான் உங்களுக்காகப் பேசினேன், நம்புவீர்களா? கையெழுத்துப் போடவில்லையே, தடுக்கத்தானே பார்த்தார் என்றேன். "நீங்க சும்மா இருங்க" என்று உள்ளே போய்விட்டாள். உங்களைப் பற்றி இருபத்தெட்டு வருடமாக நான் சொன்ன ஒவ்வொரு சொல்லுக்கும் என்னோடு சண்டை போட்டவள் அவள். இப்போது நான் என்ன சொன்னாலும் சண்டை வருவதில்லை. அது எனக்கு நன்றாக இல்லை.

கோப்பையைப் பார்த்து யோசித்திருக்க வேண்டும். அது என் பிழை. ஆனால் நான் தெரியாமல் செய்தேன்.

நாலு நாளில் ஒட்டி, காயவைத்து, மூடினேன். ஞாயிற்றுக்கிழமை பறந்தது. பதினோரு நிமிடம். இறங்கும்போது கை உதறியது, ஒரு சக்கரம் கோணிக்கொண்டது, அவ்வளவுதான். பிள்ளைகள் கத்திய சத்தத்தில் இன்ஜின் சத்தமே கேட்கவில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தைச் செயலாளரிடம் காட்டினால் ஒரே நாளில் உங்கள் ஆய்வாளர் முத்திரையைப் பிடுங்கிவிடுவார்கள். காட்டப் போவதில்லை. இரக்கம் என்று நினைக்காதீர்கள். பிடுங்கினால் உங்களுக்கு இன்னொரு அநியாயம் கிடைக்கும். அதை வைத்துக்கொண்டு இன்னும் பத்து வருடம் சொகுசாக வாழ்வீர்கள். அதை உங்களுக்குக் கொடுக்க எனக்கு மனமில்லை. ஆய்வாளராகவே இருங்கள். ஒவ்வொரு படிவத்திலும் கையெழுத்துப் போடுங்கள். நானும் அவளும் வாயைத் திறக்க மாட்டோம்.

பல் டாக்டர்


மார்ச் 17

மாப்பிள்ளை அவர்களுக்கு,

தங்கள் பெருந்தன்மை வந்து சேர்ந்தது. எனக்கு அளவு சரியாக இல்லை. திருப்பி அனுப்புகிறேன்.

தங்கை கேட்டதற்கு ஒரு பதில் எழுதினேன். மக்களைப் பற்றி நினைத்தேன், அதனால்தான் அனுமதி மறுத்தேன் என்று ஒரு பத்தி. நன்றாக வந்திருந்தது. படித்துப் பார்த்துக் கிழித்துவிட்டேன். நினைக்கவில்லை. உங்களை மட்டும்தான் நினைத்தேன். நாலாயிரத்து இருநூறு தகட்டுக்குக் கையெழுத்துப் போடாதவன், ஒரு மூட்டுக்கு வாயைத் திறக்கவில்லை. இதை அவளிடம் படித்துக் காட்டுங்கள். சண்டை போட மாட்டாள் என்றால் போடாமலே இருக்கட்டும்.

இன்று காலை மன்றத்தின் செயற்குழுவுக்கு எழுதிச் செயலாளர் கடையில் கொடுத்துவிட்டேன். குறை தெரிந்தும் ஏழு மாதம் மறைத்த ஆய்வாளர் பதவியில் இருக்கத் தகுதியற்றவர் என்று, தேதிகளோடு, என் இரண்டாம் தேதிக் கடிதத்தின் நகலோடு. முத்திரையையும் உள்ளே வைத்துவிட்டேன். பிடுங்க யாருக்கும் வாய்ப்பில்லை. அநியாயமும் இல்லை. நீங்கள் பயந்த சொகுசு எனக்குக் கிடைக்கவில்லை.

அதே கடிதத்தில் இரண்டாவது புகாரும் இருக்கிறது. தாங்கும் பாகத்தை வெட்டித் திறந்தால் பழைய கையெழுத்து செல்லாது, மறு ஆய்வு வேண்டும். விதி பன்னிரண்டு. நீங்கள் ஐந்தாம் தேதி வெட்டினீர்கள், ஒன்பதாம் தேதி அந்த இளைஞரின் கையெழுத்தை வைத்துக்கொண்டே பறக்கவிட்டீர்கள். அத்தனை பேர் தலைக்கு மேல். உங்கள் ஒட்டுவேலையை உங்களைத் தவிர யாரும் பார்க்கவில்லை. நீங்கள் நல்லவர் என்பதால் பசை பிடித்துவிடாது. ஒரு பருவத்துக்குத் தடை விதிக்கலாம் என்று எழுதியிருக்கிறேன். உங்கள் கைக்கு ஒரு பருவம் என்றால் என்ன என்று தெரிந்தேதான் எழுதினேன். முடிவு அவர்கள் கையில்.

செயலாளர் போன் செய்தார். இந்தத் தடவை சிரிக்கவில்லை. அடுத்த வாரம் செவ்வாய் மாலை ஆறு மணிக்கு இருவரும் வர வேண்டுமாம், ஒரே அறைக்கு, ஒரே நேரத்தில். நான் ஐந்தே முக்காலுக்கு இருப்பேன்.

வரும்போது வலது இறக்கையைக் கழற்றி எடுத்து வாருங்கள். அந்த மூட்டை எப்படி ஒட்டியிருக்கிறீர்கள் என்று நான் பார்க்க வேண்டும்.